பயணம் மிகுந்த ஆண்டில் வீட்டை நடத்துவது எப்படி: அடிக்கடி விமானம் ஏறுவோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

வேலை நியமனக் கடிதத்தில் 'வட்டாரப் பொறுப்பு' என்று இருந்தால், மாதத்தில் பல நாள்கள் ஜகார்த்தா, சென்னை, துபாய், சிட்னி என்று அலைய நேரும் என்பது சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கும் தெரிந்ததே. சில ஆண்டுகளில் இந்த அலைச்சல் இன்னும் கூடிவிடும். புதிய அலுவலகம் திறக்கும் ஆண்டு, பெரிய ஒப்பந்தம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு உடல்நலம் குன்றி அடிக்கடி போய்வர வேண்டிய ஆண்டு எல்லாம் அப்படிப்பட்டவை. அத்தகைய ஓர் ஆண்டை எதிர்நோக்கி இருப்பவருக்காகவும் அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: வீட்டுக்குரிய நாள்களை முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் பயணங்களை அமைக்க வேண்டும். பயணங்களை முதலில் குறித்துக்கொண்டு, மிஞ்சுவதை வீட்டுக்குத் தரலாம் என்று தொடங்கினால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மிஞ்சினாலும் அது உடல் அசந்து கிடக்கும் நாளாகவே இருக்கும்.

சுவரில் ஒரு நாள்காட்டி

ஆண்டு பிறப்பதற்கு முன், நவம்பரிலோ டிசம்பரிலோ ஒரு மாலை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். கைப்பேசியில் உள்ள நாள்காட்டி அலுவலகத்துக்குப் போதும். வீட்டுக்குச் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும், பஞ்சாங்கக் குறிப்புகள் அச்சிட்ட பெரிய மாத நாள்காட்டிதான் ஏற்றது. ஏனென்றால் அதைப் பாட்டியும் பார்ப்பார், ஏழு வயதுப் பிள்ளையும் பார்க்கும், பணிப்பெண்ணும் பார்ப்பார். எங்கள் வீட்டில் அது குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பச்சை மையில் எழுதியவை வீட்டுக்குரிய நாள்கள், அவற்றை யாரும் தொடக் கூடாது. சிவப்பு மையில் உள்ளவை பயணங்கள். ஒவ்வொன்றின் கீழும் எந்த ஊர், எந்த விமானம், எத்தனை மணிக்குத் திரும்பி வருகை என்று சிறிய எழுத்தில் இருக்கும். பென்சிலில் இருப்பவை இன்னும் உறுதியாகாத பயணங்கள். அவற்றை அழிக்கலாம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். சில சமயம் அழிப்பானோடு அவர்களே வந்து நிற்பார்கள்.

பச்சை மையில் முதலில் எழுத வேண்டியவை பள்ளி நாள்கள். கல்வி அமைச்சு அடுத்த ஆண்டின் பள்ளி நாள்காட்டியை முந்தைய ஆண்டிலேயே வெளியிட்டுவிடுகிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் என விடுமுறைகள் வரும். பயணம் மிகுந்த ஆண்டில் இவை அனைத்தையும் காப்பாற்ற இயலாது. ஜூன், டிசம்பர் விடுமுறைகளுக்கு உறவினரும் முகாம்களும் பயண ஏற்பாடுகளும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். மார்ச், செப்டம்பர் வாரங்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எனவே அந்த இரண்டு வாரங்களையும் முழுமையாகக் காப்பாற்றிவிட்டு, ஜூனில் இரண்டு வாரத்தை மட்டும் கேட்டு வாங்குவது நடக்கக்கூடிய ஏற்பாடு என்பது என் கருத்து. பிள்ளை தொடக்கநிலை 6இல் இருந்தால் கணக்கு மாறும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டிலும், கேட்டல் கருத்தறிதல் செப்டம்பரிலும், எழுத்துத் தேர்வுகள் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலும் நடைபெறுகின்றன. அந்த மூன்று மாதங்களிலும் பயணமே கூடாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வு வாரத்திலும் எழுத்துத் தேர்வு நாள்களிலும் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டால், ஆகஸ்டில் கெஞ்ச வேண்டியிருக்காது.

அடுத்து வருபவை அலுவலக நாள்காட்டி காட்டாத நாள்கள். சிங்கப்பூரின் 11 பொது விடுமுறை நாள்களில் தீபாவளி உண்டு. பொங்கலும் தைப்பூசமும் தமிழ்ப் புத்தாண்டும் இல்லை. ஆகவே அந்த நாள்களில் கூட்டம் வைத்துப் பயணச் சீட்டும் வாங்கிவிடுவது மிக எளிதாக நடந்துவிடுகிறது. தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் நடைபெறும் தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள், அதற்கு முந்தைய வாரங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தந்தை அல்லது தாயின் திதி ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுதோறும் மாறுவதால், அதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறிக்க முடியும். சென்ற ஆண்டுத் தேதியை நம்பி விமானச் சீட்டு வாங்கினால், திதி கொடுக்க வேண்டிய காலையில் வேறு ஊர் விடுதியில் இருக்க நேரும். நோன்பு நோற்கும் குடும்பங்களில் ரமலான் மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாகவே வந்துகொண்டிருக்கும். நோன்பு திறக்கும் மாலைகளில் எவை குடும்பத்தோடு இருக்க வேண்டியவை என்று முன்கூட்டியே பேசிக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேசிய சேவையின் முகாம் பயிற்சி அழைப்பு, மனைவியின் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரங்கள், அவருடைய சொந்தப் பயணங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருடைய ஓய்வு நாள்களும் அதில் இடம்பெற வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் குறைந்தது ஒரு நாளாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வு நாளாக அவருக்கு இருக்க வேண்டும் என்பது விதி. நம் பயணத்துக்காக அவருடைய ஓய்வு நாளைத் தள்ளிப்போடுவது, வீட்டின் சுமையை அங்குக் குரல் குறைவாக இருப்பவர் தலையில் இறக்கிவைப்பதாகும்.

இத்தனையும் எழுதி முடித்த பின்னர் இரண்டு வரம்புகளை ஒப்புக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒரே இரவில் இருவருமே வெளிநாட்டில் இருப்பதில்லை என்பது ஒன்று. தொடர்ந்து இரண்டு வார இறுதிகளுக்கு மேல் வெளியில் கழிப்பதில்லை என்பது மற்றொன்று. மாதத்துக்கு இத்தனை இரவு என்ற கணக்கைவிட வார இறுதிக் கணக்கே வீட்டுக்குப் பொருத்தமானது. ஏனெனில் வேலை நாள்களில் நாம் சிங்கப்பூரிலேயே இருந்தாலும் பிள்ளைகள் நம்மைப் பார்ப்பது இரவு எட்டு மணிக்கு மேல்தான்.

பயணத்தைக் கேட்டு அமைத்துக்கொள்வது

பச்சை நாள்கள் உறுதியானதும் அவற்றின் பட்டியலை மேலாளரிடம் கொடுங்கள். காரணங்களை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நாள்களும், அந்த நாள்களில் தவிர்க்க முடியாத வேலை வந்தால் யார் போவார் என்பதும் இருந்தால் போதும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கு வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகள் தொடர்பான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளின்படி, ஊழியர் முறையாக எழுதிக் கொடுக்கும் கோரிக்கையை முதலாளி பரிசீலித்து இரண்டு மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்தே தீரும் என்பது இதன் பொருளன்று. ஆயினும், இரவு விமானத்தில் வந்திறங்கும் நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது, நீண்ட பயணத்துக்கு அடுத்த நாள் தாமதமாகத் தொடங்குவது போன்ற சிறிய கோரிக்கைகளை வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டுச் சலிப்பதைவிட, ஆண்டுக்கும் சேர்த்து ஒரே முறை எழுதிக் கொடுத்துவிடுவது மேல்.

சிங்கப்பூர்க் குடிமகனாகிய பிள்ளை ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால், தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை இரண்டு நாள். அந்த விடுப்பைத் தாய் மட்டும் எடுத்துத் தீர்த்துவிட்டு, தந்தையின் விடுப்பு ஆண்டிறுதியில் வீணாகிப் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பயணம் செய்பவர் தம் பங்கை முதலில் எடுக்க வேண்டும்.

விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வீட்டுக்கு நிறையச் செய்ய முடியும். ஞாயிறு மாலை புறப்படுவதா, திங்கள் அதிகாலை புறப்படுவதா என்ற தேர்வு இருந்தால் திங்களையே எடுங்கள். கோலாலம்பூர் ஒரு மணி நேரம், ஜகார்த்தா இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, பேங்காக் இரண்டரை மணி நேரம். இவற்றுக்கு ஞாயிறன்றே போய் விடுதியில் படுப்பதற்கு நியாயமே இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து, நள்ளிரவு முதல் காலை 5.59 வரை டாக்சி மீட்டரில் ஏறும் 50 விழுக்காட்டுக் கூடுதல் கட்டணத்தைக் கொடுத்துச் சாங்கி போவது சிரமம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடலாம், மறுநாளைக்கான பள்ளிப் பையைப் பிள்ளையோடு சேர்ந்து அடுக்கலாம். சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் இங்கு இறங்கும் விமானங்களின் கணக்கு வேறு. அவை ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் நான்கு மணி நேரத்தில் யாரும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. அப்படி வரும் காலையில் அலுவலகக் கூட்டமும் வைக்காதீர்கள், பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போவதாக வாக்கும் கொடுக்காதீர்கள்.

வெளியூரிலிருந்தே செய்யும் வேலைகள்

பயணம் செய்பவர் 'வீட்டில் இருக்கும்போது உதவுகிறேன்' என்று சொல்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் மனக்கசப்பு தொடங்குகிறது. அவர் இல்லாத வாரத்தில் எல்லா வேலையும் மற்றவர் தலையில் விழுகிறது. அவர் இருக்கும் வாரத்தில் அந்த வேலைகளில் சிலவற்றை அவர் 'உதவியாக'ச் செய்கிறார். அவற்றை நினைவில் வைத்திருக்கும் பாரம் மட்டும் இறங்குவதேயில்லை. இதற்கு நான் கண்ட வழி, எந்த ஊரில் இருந்தாலும் செய்யக்கூடிய வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை முழுமையாகப் பயணம் செய்பவரின் பெயரில் எழுதிவிடுவதே. முழுமையாக என்றால் நினைவில் வைத்திருப்பது, செய்வது, செய்து முடித்ததைப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்தது. மனைவி நினைவூட்ட வேண்டியிருந்தால் அந்த வேலை இன்னும் மனைவியிடம்தான் இருக்கிறது.

இதற்குப் பொருத்தமான வேலைகள் பல. பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பள்ளி அனுப்பும் ஒப்புதல் படிவங்களைப் படித்துப் பதில் அளிப்பதை ஹோட்டல் அறையிலிருந்தே செய்யலாம். துணைப்பாட வகுப்புக் கட்டணம், வகுப்பு நேரம் மாறினால் ஆசிரியரோடு பேசுவது, மளிகைப் பொருள்களை இணையத்தில் வரவழைப்பது, பெற்றோரின் பலதுறை மருந்தகச் சந்திப்புகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்த்து மாற்றுவது, பல் மருத்துவருக்கு முன்பதிவு செய்வது, குளிரூட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வரவழைப்பது ஆகிய எதற்கும் நாம் சிங்கப்பூரில் இருக்க வேண்டியதில்லை. மின்சார, தண்ணீர்க் கட்டணங்களையும் நகர மன்றக் கட்டணத்தையும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகக் கழியும் ஜைரோவில் போட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. எங்கள் வீட்டில் மளிகையும் மருத்துவச் சந்திப்புகளும் என்னுடையவை. அரிசி தீரப்போகிறது என்று என் அம்மா இப்போது சொல்வது என்னிடம்தான், நான் துபாயில் இருந்தாலும்.

பணத்தில் மட்டும் இதற்கு நேர்மாறான எச்சரிக்கை ஒன்று தேவை. கணக்கைத் திறப்பவர் நாமே என்று உறுதிசெய்யும் வங்கியின் மின்னிலக்க அடையாள வில்லை இப்போது கைப்பேசியில்தான் இருக்கிறது. குடும்பத்தின் பணம் முழுவதும் ஒருவருடைய கணக்கில் இருந்து, அந்தக் கைப்பேசி வெளியூர் டாக்சி ஒன்றில் தொலைந்துபோனால், அவர் திரும்பி வரும்வரை இங்கு எதற்கும் பணம் எடுக்க முடியாது. மூன்று மாதச் செலவுக்கான தொகையாவது கூட்டுக் கணக்கில் இருக்கட்டும்; இருவரும் தத்தம் கைப்பேசியில் அதைத் திறந்து பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

பேச்சு நிலைக்கும் அழைப்பு

தினமும் அழைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த நேரத்தில், எதைப் பற்றிப் பேசுவது என்பதை முடிவுசெய்யாமல் அழைத்தால் அழைப்பு மெல்லத் தேய்ந்துவிடும். சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் சென்னையில் மாலை 5.30, துபாயில் மாலை 4 மணி, ஜகார்த்தாவில் இரவு 7, தோக்கியோவில் இரவு 9. இவை எளியவை. லண்டனில் அது குளிர்காலத்தில் நண்பகல் 12, கோடையில் பிற்பகல் 1. மதிய உணவு நேரத்தில் அழைத்துவிடலாம். நியூயார்க்கில் கோடையில் காலை 8, குளிர்காலத்தில் காலை 7 மணியாக இருக்கும். எழுந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் பேசிவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம். பிரிட்டனில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் அக்டோபரின் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும் நாள்கள். அமெரிக்காவில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் பயணம் இருந்தால் அழைப்பு நேரத்தைச் சிங்கப்பூர் மணிப்படி நாள்காட்டியில் எழுதிவைத்துவிடுங்கள். பிள்ளைக்கு நம் ஊர் மணி தேவையில்லை. அதனுடைய எட்டு மணிக்கு அழைப்பு வந்தால் போதும்.

'சாப்பிட்டாயா, பள்ளி எப்படி இருந்தது' என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ம்' என்ற ஒரே பதில்தான் வரும். பேச்சு நிலைக்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை வேண்டும். எங்கள் வீட்டில் அது சொல்வதெழுதுதல். பள்ளியில் வாரந்தோறும் தமிழ்ச் சொல்வதெழுதுதலுக்கான சொற்பட்டியல் தருகிறார்கள். அதன் படம் என் கைப்பேசியில் இருக்கும். மகள் குறிப்பேட்டைத் திறந்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்துவைத்துக்கொள்வாள். நான் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்வேன். 'ஒற்றுமை' வரும்போது பேனா ஒரு கணம் நிற்கும், 'முயற்சி' வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள், நான் முகத்தில் எதையும் காட்டிவிடாமல் அடுத்த சொல்லுக்குப் போவேன். முடிந்ததும் குறிப்பேட்டைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவருவாள். ஒன்றும் தெரியாது, 'கொஞ்சம் தள்ளிப் பிடி' என்பேன். இந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அது முடிந்த பின் பள்ளியில் நடந்தவை யாரும் கேட்காமலே வெளிவரும். உங்கள் வீட்டில் அது கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கமாக இருக்கலாம், சதுரங்கத்தில் ஓர் ஆட்டமாக இருக்கலாம். பிள்ளைக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருப்பது நல்லது.

மனைவியோடு பேசும் அழைப்பு தனியாக இருக்க வேண்டும், பிள்ளைகள் உறங்கிய பிறகு. அதில் வீட்டு நிர்வாகத்தையும் பேசத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதை மட்டும் பேசுவதாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பயணத்தில் நல்ல விருந்தும் புதிய ஊரும் கிடைப்பதும், வீட்டில் இருப்பவருக்கு அதே அடுப்படியும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் கிடைப்பதும் உண்மைதான். அந்த உண்மையைத் தெரிந்தவராகப் பேசினால் போதும், விடுதியின் காலையுணவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

திரும்பி வந்த இரண்டு நாள்

பயணம் மிகுந்த ஆண்டில் குடும்பத்துக்குள் உரசல் அதிகம் எழுவது நாம் இல்லாத நாள்களில் அன்று, திரும்பி வந்த முதல் இரண்டு நாள்களில்தான் என்பதை நான் பல குடும்பங்களிலும் கேட்டறிந்திருக்கிறேன். போனவர் ஓய்வை எதிர்பார்த்து வருகிறார். இருந்தவர் இறக்கிவைக்கக் காத்திருக்கிறார். ஆகவே வரும் நாளுக்கான வேலைப் பிரிவினையை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முதல் மாலை யாருக்கு ஓய்வு, இரண்டாம் மாலை யாருக்கு ஓய்வு என்று சொல்லிவைத்தால் இருவரும் பொறுத்துக்கொள்வார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் உடலின் போக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கு நோக்கிப் போவதைவிடக் கிழக்கு நோக்கி வருவதற்கு உடல் பழகுவது கடினம். லண்டனுக்குப் போகும்போது எளிதாக இருந்தது, வீடு திரும்பிய பிறகு வாட்டுகிறது என்றால் காரணம் அதுவே. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் உடற்கடிகாரம் நகரும் என்பதால், ஏழெட்டு மணி நேர வேறுபாட்டுக்கு ஒரு வாரம் பிடிக்கலாம். வந்த முதல் நாள் காலை வெயிலில் நடந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் சூரியன் உதிக்கும் ஏழு மணி லண்டனுக்கு நள்ளிரவு. அந்த நேரத்து வெளிச்சம் உடற்கடிகாரத்தை மேலும் பின்னுக்கே தள்ளும். முதல் ஓரிரு நாள்கள் காலையில் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பிற்பகல் வெளிச்சத்தில் நடங்கள்; பிறகு நாளுக்கு நாள் நடை நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையைப் பள்ளிக்குப் பின் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப்போகும் வேலையை அந்த நாள்களில் நீங்களே ஏற்றுக்கொண்டால் இரண்டும் ஒன்றாக நடந்துவிடும்.

பெட்டியை வந்த அன்றே காலிசெய்யுங்கள். கூடத்தில் பாதி திறந்து கிடக்கும் பெட்டி, இவர் இன்னும் வந்து சேரவில்லை அல்லது மறுபடியும் கிளம்பப்போகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அழுக்குத் துணியைச் சலவை இயந்திரத்தில் போட்டு, இரவிலேயே உலர்த்தி, பெட்டியை அலமாரிமேல் ஏற்றிவிடுங்கள். இதைச் செய்ய வேண்டியவர் பயணம் போய்வந்தவரே. பரிசுப் பொருளை ஒவ்வொரு முறையும் கொண்டுவர வேண்டாம் என்பேன். வழக்கமாகிவிட்டால் பிள்ளைகள் கதவைத் திறந்ததும் பார்ப்பது பெட்டியைத்தான்.

நாம் இல்லாதபோது வீட்டில் ஓர் ஒழுங்கு அமைந்திருக்கும்: எட்டரைக்கு விளக்கணைப்பது, வெள்ளிக்கிழமை காப்பிக்கடையில் சாப்பிடுவது, கைப்பேசிக்கு அரை மணி நேரம் என்று எதுவாகவும் இருக்கலாம். வந்த அன்றே அதை மாற்றாதீர்கள்; பத்து நாள் பாடுபட்டுப் பழக்கியதை ஓர் இரவில் கலைத்துவிட்டு மீண்டும் விமானம் ஏறினால், அதைத் திரும்பக் கட்டும் வேலை மற்றவருக்கே. மாற்ற வேண்டியது இருந்தால் இரண்டு நாள் கழித்துப் பேசலாம்.

இப்படிப்பட்ட ஆண்டில் குடும்ப விடுமுறைக்கும் விமானம் ஏறத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து சிறு படகில் புலாவ் ஊபின் போய் மிதிவண்டி ஓட்டுவது, செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் முட்டை அவித்துக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் எந்த நேரத்தில் தூக்கம் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் வீடு சேரக்கூடிய விடுமுறைகள். பிள்ளைகள் ஊருக்குப் போக வேண்டும், தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு. அதைப் பச்சை மையில் எழுதுங்கள்.

பூட்டிய வீடும் தாள்களும்

எல்லாரும் ஊருக்குப் போகும்போது டெங்கியை மறக்கக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். பூந்தொட்டித் தட்டுகளைக் காலிசெய்து, வாளிகளைக் கவிழ்த்து, கழிப்பறை இருக்கையை மூடி, தரை வடிகால்களை அடைத்து, துணி உலர்த்தும் கழி செருகும் குழாய்களுக்கு மூடி போட்டுவிட்டுப் புறப்படுங்கள். சாவி ஒன்றை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகிறதா என்று ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாருடையதையும் பாருங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிங்கப்பூர்க் கடப்பிதழ் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் அது பெரியவர்களுடையதற்கு முன்பே காலாவதியாகிவிடும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் தேதியையும் பார்க்க வேண்டும். அது செல்லாத நிலையில் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. மத்திய சேம நிதிப் பணம் உயிலின்படி போவதில்லை, யாருக்குச் சேர வேண்டும் என்று நாம் பதிவுசெய்யும் நியமனத்தின்படியே போகும். திருமணமானால் அதற்கு முன் செய்த நியமனம் செல்லாது. திருமணத்துக்குப் பின் புதிதாக நியமனம் செய்யாதவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் செய்துவிடுங்கள்.

முதியவர் வீட்டில் இருந்தால்

மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்த பெட்டியில் ஞாயிறுதோறும் அடுக்குவது நல்ல பழக்கம். நாம் வெளியூரில் இருக்கும் ஞாயிற்றில் அதை யார் செய்வார் என்பதையும் நாள்காட்டியில் எழுதுங்கள். மருந்துச் சீட்டு முடியும் வாரம் பயண வாரமாக இருந்தால் முன்னரே வாங்கிவைத்துவிடலாம். தொலைபேசிக்கு அருகில் பெரிய எழுத்தில் 995 என்றும், அவசரமில்லாத மருத்துவ வாகனத்துக்கு 1777 என்றும், பக்கத்து வீட்டு எண்ணையும் ஒட்டுங்கள். முதியவருக்குத் தமிழ் மட்டுமே வருமானால், வீட்டு முகவரியையும் அவருடைய நோய்களையும் மருந்துகளையும் ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அட்டை அதே இடத்தில் இருக்க வேண்டும். வருகிறவர் கையில் அதைக் கொடுத்தால் போதும்.

எப்போது திரும்ப வேண்டும்

கடைசியாக, எந்த நிலையில் பயணத்தை நிறுத்தித் திரும்பி வருவது என்பதைச் சண்டை சச்சரவு இல்லாத ஒரு நாளில் பேசி முடிவுசெய்யுங்கள். பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால் வர வேண்டியதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால், வீட்டில் இருப்பவர் தனியாக விடப்பட்டதாக நினைக்க மாட்டார், வெளியூரில் இருப்பவரும் குற்ற உணர்வோடு கூட்டத்தில் உட்கார மாட்டார். மருத்துவமனையில் சேர்த்தால் அடுத்த விமானத்தில் வருவது, பெற்றோர் விழுந்துவிட்டால் எக்ஸ்ரே பார்த்த பிறகு முடிவுசெய்வது என்று ஒவ்வொரு வீடும் தன் வரம்பை வகுத்துக்கொள்ளலாம். 'நீங்கள் வாருங்கள்' என்று வீட்டில் இருப்பவர் சொன்னால் காரணம் கேட்காமல் புறப்படுவது என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். பல ஆண்டு பழகியவர்கள் அதை அநாவசியமாகச் சொல்வதில்லை. மாமியாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை, மனைவிக்குப் பேறுகால இறுதி வாரங்கள் போன்ற காலங்களில் சற்று விலை கூடினாலும் தேதி மாற்றக்கூடிய பயணச் சீட்டையே வாங்குங்கள். புறப்படும் முன் அந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் விமானங்களில் அன்றாடம் கடைசியாகக் கிளம்புவது எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து, நாள்காட்டியில் அந்தப் பயணத்துக்குக் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.